வலது கண்ணாடியில் தெரிந்தவள்

கேரவன்கள் வந்து தங்கும் ஓரிகன் கடற்கரைப் பூங்காவுக்குள் வெண்டல், நோரீன் தம்பதியின் கேரவன் வண்டி நுழைந்தபோது மத்தியானம் மூன்று மணிதான். ஆனாலும் கடலைக் காணோம். வெள்ளையாக மூடுபனி எல்லாவற்றையும் விழுங்கி வைத்திருந்தது. அலை எங்கோ பக்கத்தில் மோதும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

நோரீனுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. முந்நூறு மைலும் வெண்டல் அவளைக் குறை சொல்லிக்கொண்டே வந்திருந்தான். அவளுக்கு வழி பார்க்கத் தெரியாதாம், காப்பி கலக்கத் தெரியாதாம். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம். அந்த வாய்க்கு ஒரு நாளும் லீவு கிடையாது.

பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் ஹார்லன் சைக்கிளை ஜன்னலோரம் நிறுத்தினார். வயசானவர்.

"முப்பத்தொண்ணாம் இடமா? முன்பக்கமாவே உள்ள விட்டு நிறுத்திக்கங்க. ரிவர்ஸ் எடுக்க வேணாம்."

"அப்போ பின்னால இருக்குற கரண்ட் கம்பத்துக்கு வயரு எட்டாதே?" என்றான் வெண்டல்.

"எட்டாதுதான். நாலு வருஷம் முன்ன இதே இடத்துல ஒருத்தர் பொண்டாட்டியைப் பின்னால நிக்க வச்சு ரிவர்ஸ் எடுத்தாரு. அந்தம்மா நிறுத்து நிறுத்துன்னு கத்தியிருக்கு. இவரு காதுலயே வாங்கல." ஹார்லன் குரலைத் தாழ்த்தினார். "மரத்தோட வச்சு நசுக்கிட்டாரு."

வெண்டல் சிரித்தான். "எனக்கு ஓட்டத் தெரியும் பெரியவரே. இவளுக்குத்தான் ஒழுங்கா கையாட்டத் தெரியாது."

நோரீன் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். வண்டியின் பின்பக்க இடது மூலையில், மரத்துக்கு முன்னால் போய் நின்றாள். வண்டி மெல்லப் பின்னால் வந்தது. போதும் என்று இரண்டு கையையும் தூக்கினாள்.

வண்டி நிற்கவில்லை.

"நிறுத்து, வெண்டல்."

நிற்கவில்லை.

முதுகு மரத்தில் முட்டியது. வண்டியின் பம்பர் அவள் கோட்டுப் பொத்தானைத் தொட்டது. அடிவயிற்றிலிருந்து கத்தினாள். அப்புறம்தான் நின்றது.

ஜன்னலுக்கு ஓடினாள். "கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? நிறுத்துன்னு கையைத் தூக்கினேனே."

"நீதானே வா வான்னு கூப்பிட்ட? வலது கண்ணாடியில பாத்தேனே. மஞ்ச மழைக்கோட்டு, ரெண்டு கையாலயும்."

அவள் போட்டிருந்தது சிவப்புக் கோட்டு. நின்றது இடது பக்கம்.

பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம். காலையிலிருந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் என்ன நிறம் உடுத்தியிருக்கிறாள் என்றுகூட இந்த மனுஷனுக்குத் தெரியவில்லை.

"உன்னாலதான் கோணலாயிடுச்சு. மறுபடி எடுக்கணும்," என்றான்.

"இறங்கு. நான் எடுக்குறேன். நீ போய்ப் பின்னால நில்லு."

"உனக்கா? ஓட்டவா?"

"இறங்குன்னேன்."

வண்டியை முன்னால் எடுத்து, பின்னால் விட்டாள். இடது கண்ணாடியில் வெண்டல். மரத்துக்கு முன்னால் நின்று, நிறுத்து என்று கையைத் தூக்கினான்.

வலது கண்ணாடியில் இன்னொருத்தி.

மஞ்சள் மழைக்கோட்டு. நெஞ்சு இருக்க வேண்டிய இடம் தட்டையாக ஒடுங்கிக் கிடந்தது. முகத்தில் ஆத்திரம். அது நோரீனுக்கு நன்றாகப் பழகிய ஆத்திரம்தான்.

இரண்டு கையாலும் அழைத்தாள்.

வா.

இன்னும் வா.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நோரீனின் கால் அந்த மஞ்சள் கோட்டுக்காரியின் பேச்சைக் கேட்டது.

பிறகு பிரேக்கை மிதித்தாள்.

வெண்டல் ஜன்னலுக்கு வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. "நான் கையைத் தூக்கியும் வண்டி வந்துச்சு," என்றான். "மன்னிச்சிரு நோரீன். இங்கேருந்து கிளம்பிடலாம்."

"முன்னால போய் நின்னு வழி காட்டு. பனியில ரோடு தெரியல."

உடனே போய் வண்டிக்கு முன்னால் நின்றான். நோரீன் வலது கண்ணாடியைப் பார்த்தாள். யாரும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள். மன்னிச்சிரு என்ற அந்த ஒரு வார்த்தையில் அவள் கோபம் பாதி இறங்கிவிட்டிருந்தது. பாவம், கிழவன். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.

பக்கத்து சீட்டில் ஈரக் கோட்டு உரசியது.

நோரீனின் கால்மேல் சில்லென்று இன்னொரு கால் ஏறி, அதை ஆக்சிலேட்டர் பக்கம் நகர்த்தியது. இழுத்துப் பார்த்தாள். கால் வரவில்லை.

வெளியே, பனிக்குள், வெண்டல் அவளைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினான்.

வா, வா.