தலைமாட்டுச் சிவப்பு

ஆன்லினின் மோதிரக் கல் பட்டப்பகலில் சிவந்தது.

அப்படி ஆகவே கூடாது. கிங்ஸ்லி தோணி வேலையாகக் கொழும்பு போனபோது மனைவிக்கென்று வாங்கி வந்த கல் அது. வெயிலிலும் டியூப் லைட்டிலும் வேப்பிலைப் பச்சை. மெழுகுவத்திச் சுடரை ஒட்டிப் பிடித்தால் மட்டும், பகலென்றாலும் சரி, மாதுளை முத்துச் சிவப்பு. ஆறு வயது ஜெர்வினுக்கு அது ஓயாத விளையாட்டு. மெழுகுவத்தியைக் கொளுத்தச் சொல்லி அம்மாவின் விரலைப் பிடித்து இழுப்பான்.

அந்த ஜெர்வின்தான் இப்போது காய்ச்சலில் கண் திறக்காமல் கட்டிலில் கிடந்தான். திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கிங்ஸ்லி கார் பிடிக்கப் போயிருந்தான். ஜன்னலை ஒருக்களித்துச் சாத்தியிருந்த அறையில் ஃபேனின் கடகடப்பு, பக்கத்துப் பனைவிளையில் பதநீர் காய்ச்சும் இனிப்பு வாசம், பிள்ளையின் அனல் மூச்சு, வேறொன்றும் இல்லை. நெற்றியில் ஈரத்துணியை மாற்றக் கையைக் கொண்டுபோனாள். அப்போதுதான் கல் சிவந்தது.

கையை எடுத்தாள். பச்சை. கால்மாட்டில் நீட்டினாள். பச்சை. தலையணைக்கு மேலே, வெறும் காற்றில் நீட்டினாள். சிவப்பு.

விரல்நுனி சுட்டது. மெழுகு உருகும் வாசம் வந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

தலைமாட்டில் மெழுகுவத்தி எப்போது ஏற்றுவார்கள் என்று அவளுக்கா தெரியாது? செத்துப்போன மாமனாரைக் கூடத்தில் கிடத்தியபோது அவள்தானே ஏற்றி வைத்தாள். ஐயோ மாதாவே, பிள்ளை மூச்சு விடுகிறானே, அதற்குள் யார் வந்து ஏற்றியது? பயத்துக்கு முன்னால் கோபம் வந்துவிட்டது அவளுக்கு.

"எம் பிள்ளைக்கா ஏத்துதே?" என்று பல்லைக் கடித்தாள்.

குனிந்தாள். ஓங்கி ஊதினாள்.

கல் பச்சையானது.

ஜெர்வின் கண்ணைத் திறந்தான். "ஏம்மா அணைச்சே?" என்று பைய கேட்டான். "குளிருது."

கண்ணை மூடிக்கொண்டான்.

"ஏலே மக்கா..."

நெற்றியைத் தொட்டாள். சூடு இல்லை. கன்னம். கை. பாதம். எங்கும் இல்லை. மூக்கருகே விரலை வைத்தாள். அந்த அனல் மூச்சும் இல்லை.

மாதா படத்துக்கு முன்னாலிருந்த மெழுகுவத்தியை ஓடிப்போய் எடுத்துவந்தாள். தீக்குச்சி ஒடிந்தது. இன்னொன்று. பற்றியது. தலைமாட்டில், அதே இடத்தில் பிடித்துக்கொண்டு, கல்லைச் சுடரோடு ஒட்டினாள்.

வாசலில் கார் வந்து நின்றது. "ஏட்டி, காய்ச்சல் இறங்கிட்டா?" என்று கேட்டுக்கொண்டே கிங்ஸ்லி உள்ளே வந்தான்.

"இறங்கிட்டு," என்றாள் ஆன்லின், திரும்பாமல்.

சுடர் ஆடாமல் எரிந்தது. மெழுகு அவள் விரலில் வழிந்தது. கல் பச்சையாகவே இருந்தது.