அடுக்களைத் தேர்வு

ஷிப்ட் முடிந்ததும் நேராக மக்ரூன் கடை மாடிக்குப் போவேன். செருப்பை வாசலில் விட்டு, கை கழுவி, ஜெபக்கனியோடு சேர்ந்து டீ போடுவேன். அவள் பால் பாத்திரத்தை அடுப்பில் வைக்கும்போது நான் தேயிலை டப்பாவைத் திறப்பேன். அவள் சிங்க் பக்கம் திரும்பும்போது நான் அரை அடி பின்னால் நகர்வேன். வடிகட்டிக்காகத் திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டினால் அது கைக்கு வந்துவிடும். அந்த டீயை நாங்கள் குடிப்பதில்லை. அந்தப் பயிற்சி மையத்தை நடத்தும் ஆசீர் சார் மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி கம்மி" என்பார். சீனிக்கு மதிப்பெண் கிடையாது.

ஜெபக்கனி என் மனைவி இல்லை. என் மனைவியின் அளவு. சுகிர்தாவின் உயரம், கை நீளம், நடையின் அகலம் மூன்றும் அவளுக்குப் பொருந்தியதால் மையம் அவளை எனக்கு ஒதுக்கியது. இந்தத் தொழிலில் அவளைப் போன்றவர்களுக்குப் பதிலி என்று பெயர். என்னைத் தவிர இன்னும் இரண்டு பேருக்கு அவள் மனைவியாக நின்றுகொண்டிருந்தாள்.

சுகிர்தா கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் பருத்தித்துறையில் இருந்தாள். நான் தூத்துக்குடியில். வளைகுடாவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஒரு நன்னீராலையில் வேலை பார்த்தபோது பழகினோம்; நான் பம்ப் மெக்கானிக், அவள் நீர்ச்சோதனைக் கூடத்தில். அங்கேயே ஒரு சின்னக் கோயிலில் கல்யாணம் நடந்தது, சாட்சிக்கு இரண்டு வெல்டர்கள் வந்தார்கள். ஆண்கள் குடியிருப்பு ஆலைக்கு ஒரு பக்கம், பெண்கள் குடியிருப்பு மறுபக்கம், சாப்பாடு மெஸ்ஸில். வெள்ளிக்கிழமைகளில் கடற்கரையில் நடப்போம். ஒப்பந்தம் முடிந்ததும் அவரவர் பாஸ்போர்ட் காட்டிய திசையில் அனுப்பிவைத்தார்கள். அதுவரை ஒரு நாள்கூட நாங்கள் இருவரும் ஒரே அடுக்களையில் நின்றதில்லை. அது அப்போது எங்களுக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை.

முந்தைய காலத்தில் துணைவர் விசாவுக்குக் கல்யாணப் படமும் கடிதங்களும் கேட்டார்களாம். இப்போது கணிமதி என்ற செயற்கை அறிவிடம் சொன்னால் இருபது வருடத் தாம்பத்தியத்தை, மாமியார் சண்டை உட்பட, படமாகவும் குரலாகவும் ஒரு நொடியில் செய்து கொடுத்துவிடும். அதனால் இரண்டு அரசுகளும் கணிமதியால் செய்ய முடியாத ஒன்றைத் தேடின. தேடியதில் கிடைத்தது அடுக்களை. சேர்ந்து வாழ்கிறவர்கள் அடுக்களையில் ஒருவரை ஒருவர் இடிப்பதில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசாமல் இருக்கிற நாளில்கூட இடிப்பதில்லை. மற்றவர் எங்கே திரும்புவார், எப்போது குனிவார் என்பது உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. அதை இணையசைவு என்று சொல்லி அளந்தார்கள். ஒரு தம்பதியை அடுக்களையில் விட்டு, கூரையில் இருக்கும் உணரிகள் பார்த்துக்கொண்டிருக்கும். தேறினால் விசா.

சேர்ந்து வாழ்ந்ததைக் காட்டினால் விசா கிடைக்கும். விசா கிடைத்தால் சேர்ந்து வாழலாம். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அதைச் சட்டமாக எழுதி முத்திரையும் குத்தியிருந்தார்கள். சுற்றுலா விசாவில் போய்ப் பார்க்கலாம் என்றால், மனைவி அங்கே இருக்கிறவன் திரும்பி வரமாட்டான் என்று அதையும் மறுத்தார்கள். தேர்வு இரண்டு முறைதான். இரண்டாவதும் தவறினால் கோப்பை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு சட்டத்தின் கண்ணில் நாங்கள் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்ட இரண்டு பேர், அவ்வளவுதான்.

ஆகவே இரு கரையிலும் பயிற்சி மையங்கள் முளைத்தன. எங்கள் மையம் முன்பு மருத்துவ நுழைவுத் தேர்வுக்குச் சொல்லிக்கொடுத்த இடம். அடுப்புக்கு மேலே இன்னும் தனிம அட்டவணை தொங்குகிறது. அந்தப் பக்கம் சுகிர்தாவும் ஒரு மையத்தில் சேர்ந்தாள். சேர்ந்த அன்று போனில் சொன்னாள்.

"உங்கட உயரத்தில ஆள் கிடைக்கேல்லையாம். கொஞ்சம் நெட்டை. பரவாயில்லையோ?"

"பரவாயில்ல" என்றேன். அந்த ஆளின் பெயரை நான் கேட்கவில்லை. அவளும் ஜெபக்கனியைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் அது வேறு விஷயமாகிவிடும் என்று இருவருக்குமே தோன்றியிருக்க வேண்டும்.

ஆரம்பத்தில் ஜெபக்கனி இடுப்பில் ஓர் அசைவுப்பட்டை கட்டியிருப்பாள். சுகிர்தா எப்படி நடக்கிறாள், எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று அக்கரையில் எடுத்த பதிவு அதில் ஓடும். இடது பக்கம் அதிர்ந்தால் இடது, வலது பக்கம் அதிர்ந்தால் வலது. அவள் ஜெபக்கனியாக நடக்கக் கூடாது, சுகிர்தாவாக நடக்க வேண்டும். தூத்துக்குடி வெயிலில் அந்தப் பட்டை அவள் இடுப்பைப் புண்ணாக்கியது. ஒருநாள் அதன் பேட்டரி வீங்கிவிட்டது. பழுதுபார்க்கக் கொடுத்தார்கள், திரும்ப வாங்க யாரும் போகவில்லை. மதிப்பெண் குறையவில்லை, ஏறியது.

"பட்டை இல்லாமலே நல்லா வருது, பாத்துக்கிடுங்க" என்றார் ஆசீர் சார். அவர் முகத்தில் முதல் ரேங்க் வாங்கிய பிள்ளையின் வாத்தியாருக்கு வரும் பெருமை இருந்தது.

எனக்கு அந்த அரை மணி நேரம் பிடித்திருந்தது. அதை மறைப்பானேன். ஜெபக்கனியிடம் நான் அதிகம் பேசியதில்லை. அவள் என்னை அண்ணே என்பாள், வேலை முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஆனால் பகல் முழுக்க இயந்திரங்களுக்கு நடுவில் தோளை ஒடுக்கிக்கொண்டு நடந்துவிட்டு, யாரையும் இடிக்காமல் நடமாட ஓர் இடம் இருப்பது நிம்மதியாக இருந்தது. இப்படியே மூன்று வருடம் போனது. பிறகு தேர்வுக்கு அழைத்தார்கள்.

தேர்வு மையம் நடுக்கடலில் ஒரு மிதவைத் தளம். இரண்டு நாட்டுக்கும் சொந்தமில்லை. இந்தப் பக்கம் ஒரு படகுத்துறை, அந்தப் பக்கம் ஒரு படகுத்துறை, நடுவில் வெள்ளைச் சுவர் வைத்த அறைகள். சுகிர்தா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்வேன் என்று படகில் நினைத்துக்கொண்டு வந்தேன். நடந்துதான் போனேன்.

"மெலிஞ்சிட்டே" என்றேன்.

"நீங்கள் கறுத்துப் போனியள்."

"சாப்பிட்டியா?"

"ஓம். படகில பணிஸ் தந்தவை."

அவள் கையைப் பிடித்தேன். கை அவளுடையதுதான். அந்த ஈரமும் சின்ன விரலின் வளைவும் நினைவில் இருந்தபடியே இருந்தன. அங்கே கிடந்த நாற்காலிகளில் உட்கார்ந்தோம். எங்கள் பெயரைக் கூப்பிட்டபோது இருவரும் கொஞ்சம் வேகமாகவே எழுந்தோம்.

தேர்வு அடுக்களையைப் பார்த்துத்தான் எல்லா மையங்களும் கட்டியிருக்கிறார்கள். அதே அளவு, அதே சிங்க், அடுப்புக்கு மேலே அதே பலகை. தனிம அட்டவணை மட்டும் இல்லை. இரண்டு பேருக்கு டீ போடச் சொன்னார்கள். கதவு மூடியது.

அவள் பாலை அடுப்பில் வைத்தாள். நான் தேயிலை டப்பாவைத் திறந்தேன். அவள் சிங்க் பக்கம் திரும்புவாள் என்று அரை அடி பின்னால் நகர்ந்தேன். அவள் திரும்பவில்லை, பின்னால் வந்தாள். என் முழங்கை அவள் விலாவில் பட்டது.

"சாரி" என்றேன்.

"இல்லை, பரவாயில்லை."

வடிகட்டிக்காகக் கையைப் பின்னால் நீட்டினேன். திரும்பிப் பார்க்கவில்லை, மூன்று வருடமாகப் பார்த்ததில்லை. கை அப்படியே வெறுமனே நின்றது. திரும்பியபோது சுகிர்தா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிச்சை கேட்கிற கையைப் போல அது நீண்டிருந்தது. அவள் வடிகட்டியைத் தேடி எடுத்துக் கொடுத்தாள், நான் வாங்கும் முன் அது கீழே விழுந்தது.

பிறகுதான் நான் அதைப் பார்த்தேன். அடுப்பின் முன் நின்றிருந்த சுகிர்தா, பால் மேலெழும்ப ஆரம்பித்ததும், தலையை லேசாக வலது பக்கம் சாய்த்துக் கொஞ்சம் குனிந்தாள். யாரும் அவளைக் குனியச் சொல்லவில்லை. அவளுக்கே அது தெரிந்ததாகத் தோன்றவில்லை. தலைக்கு மேலே பலகையில் சீனி டப்பா இருந்தது. பின்னால் இருந்து ஒரு கை அவள் தலைக்கு மேலாக நீண்டு அந்த டப்பாவை எடுக்கும். அந்தக் கைக்கு அவள் வழிவிட்டு நின்றாள். அப்படி ஒரு கையை நான் நீட்டியதே இல்லை. எங்கள் மையத்தில் சீனியை எடுப்பது ஜெபக்கனி.

அவள் கைக்குக் காத்திருந்தாள். நான் சீனிக்குக் காத்திருந்தேன். பால் பொங்கி வழிந்தது. புது வீட்டில் பால் பொங்கினால் நல்லது என்பார்கள். இங்கே அதற்கும் மதிப்பெண் குறைத்தார்கள்.

முடிவைச் சொல்ல வந்த அதிகாரி வயதில் மூத்த பெண். எங்களை உட்கார வைத்துவிட்டுத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பொய்யா கல்யாணம் பண்ணிட்டு வர்றவங்கள எங்களுக்குத் தெரியும். அவங்க ரெண்டு பேரும் தனி ஆளா நடப்பாங்க. நீங்க அப்படி இல்ல" என்றார். "ரெண்டு பேருமே கல்யாணம் ஆனவங்கன்னுதான் உணரி சொல்லுது. நல்லாவே வாழ்ந்தவங்கன்னு சொல்லுது. ஆனா ஒருத்தரோட ஒருத்தர் இல்ல."

"மேடம், நாங்க..." என்று ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார்.

"ஒரு வருஷம் கழிச்சு இன்னொரு தடவை வரலாம். அதான் கடைசி. இன்னைக்கு எடுத்த அசைவுப்பதிவ ரெண்டு மையத்துக்கும் அனுப்புவோம். உதவியா இருக்கும்." அவர் எழுந்தபோது எங்களை விட அவருக்குத்தான் வருத்தம் அதிகம் என்று எனக்குப் பட்டது. எனக்கு எதுவும் வலிக்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டுப் பார்ப்பதுபோல இருந்தது. பயமாக இருந்தது என்றால் அதற்குத்தான்.

படகுகள் கிளம்பும்வரை ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். நாங்கள் போட்ட டீயையே காகிதக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்திருந்தார்கள். சீனி இல்லை. இருவரும் குடித்தோம்.

"உங்களோட பழகினவவின்ர பெயர் என்ன?" என்று சுகிர்தா கேட்டாள்.

"ஜெபக்கனி."

"நல்லவவோ?"

"நல்லவங்கதான்."

அவள் கோப்பையின் விளிம்பை நகத்தால் மடித்துக்கொண்டிருந்தாள். "இவரும் நல்ல மனிசன். ஒரு நாளும் என்னை இடிச்சதில்லை" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை, அழுகிற குரலும் இல்லை. பிறகு அவளுடைய படகின் சங்கு ஊதியது. எழுந்திருக்கும்போது மறுபடி ஒருமுறை தோளில் இடித்துக்கொண்டோம். இந்த முறை இருவருமே சாரி சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஆசீர் சார் என்னை நேராகப் பார்க்கவில்லை. மேசையில் புது அசைவுப்பட்டை ஒன்று பிரிக்காமல் இருந்தது.

"தப்பு என் மேலதான் சார். நான் மார்க்கைத்தான் பாத்தேன், அது யாரு மார்க்குன்னு பாக்கல" என்றார். "இப்ப ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. ஒரு ஆளு மாறினாப் போதும். ரெண்டு பேரும் மாறினா மறுபடியும் தப்பிப் போவும். யாரு மாறுதது, யாரு அப்படியே நிக்கிறதுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்கிடுங்க."

அன்று மாலையே போன் பேசினேன். ஆசீர் சார் சொன்னதைச் சுகிர்தாவிடம் சொன்னேன்.

"நான் மாறட்டோ?" என்றாள். "நீங்கள் பழகினபடியே இருங்கோ. வடிகட்டியை உங்கட கையில வைக்க நான் பழகிறன்."

அந்தக் குனிவு என் கண்ணில் நின்றது. எவ்வளவு இலேசாகக் குனிந்தாள். வாழ்க்கையில் ஒருவர்மேல் அவ்வளவு நம்பிக்கையோடு தலையைச் சாய்க்க ஒரு பெண்ணுக்கு எத்தனை காலம் ஆகும். அதை அவளிடமிருந்து பிடுங்கி, மறுபடி முதலில் இருந்து கற்றுக்கொள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மனிதன்மேல் பொறாமையாக இருந்தது. அதுதான் மூன்று நாளில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி.

"நீ அப்படியே இரு சுகி. நான் மாறிக்கிறேன்."

"அப்ப நான் அவரோடதான் தொடர்ந்து பழகோணும். மறந்து போகாம இருக்க." குரல் தாழ்ந்தது. "பரவாயில்லையோ?"

"பரவாயில்ல" என்றேன். முதல் தடவை சொன்னபோது அந்தச் சொல் இவ்வளவு கனமாக இருக்கவில்லை.

மறுநாள் மக்ரூன் கடை மாடிக்குப் போனேன். செருப்பை வாசலில் விட்டேன், கை கழுவினேன். ஜெபக்கனி புடவைக்கு மேல் புதுப் பட்டையைக் கட்டியிருந்தாள். மிதவைத் தளத்தில் எடுத்த பதிவு அதில் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இனிமே நான் உங்க வீட்டு அக்கா மாதிரித்தான் நிப்பேன். இடிச்சா கோவிச்சுக்கிடாதீங்க" என்றாள்.

"இடிங்க" என்றேன்.

இடித்தோம். சிங்கில் ஒருமுறை, அடுப்பின் பக்கம் இரண்டு முறை. அவள் வராத இடத்தில் வந்தாள், நிற்க வேண்டிய இடத்தில் இல்லை. வடிகட்டிக்கு நீண்ட கையை நானே மடக்கிக்கொண்டேன். மூன்று வருடம் பழகிய ஒரு வீட்டைக் காலி செய்வது இப்படித்தான் இருக்கும் போல. ஜெபக்கனியின் முகம் அன்று முதல்முறையாகப் பதிலியின் முகமாக இருந்தது.

பால் மேலெழும்ப ஆரம்பித்தது. பட்டை வலது பக்கம் அதிர்ந்தது. ஜெபக்கனி தலையை லேசாக வலது பக்கம் சாய்த்துக் குனிந்தாள்.

நான் அவள் பின்னால் போய் நின்றேன். குனிந்த அந்தத் தலைக்கு மேலாகக் கையை நீட்டினேன். சீனி டப்பாவுக்கு எட்டவில்லை. அந்த ஆள் கொஞ்சம் நெட்டை என்று சுகிர்தா அப்போதே சொல்லியிருந்தாள். குதிகாலைத் தூக்கி எக்கினேன். டப்பா கைக்கு வந்தது, யாரும் யாரையும் இடிக்கவில்லை.