குண்டு லென்ஸும் குட்டி லென்ஸும்

“கேமராவ ஒரு வாரம் வச்சிக்க. லென்ஸு மட்டும் ரெண்டுல ஒன்னுதான். போட்டுப் பார்த்து இப்பவே சொல்லிடு,” என்றார் திலீபன் மாமா. அவர் கல்யாணப் போட்டோகிராபர். மற்ற லென்ஸைத் தன் இன்னொரு கேமராவில் மாட்டிக்கொண்டு வேப்பூர் கல்யாணத்துக்குப் போக வேண்டும்.

ஒன்று குண்டு, மற்றது குட்டி.

“எதுல மாமா ஜூம் பண்ணலாம்?” என்று கேட்டாள் வெண்பா.

“ரெண்டுலயும் முடியாது. குண்டு, தூரத்துல இருந்தே ஒரு மூஞ்சிய அள்ளிக்கும். சுத்தி இருக்கிறது கலங்கிடும். குட்டியில எல்லாமே தெரியும். ஆனா நீ கிட்டப் போவணும்.”

பள்ளிக் கண்காட்சிக்கு அம்மாவைப் படம் எடுக்க வேண்டும். அம்மா வளர்மதி, பொம்மைக் கம்பெனியில் செராமிக் பொம்மைகளுக்குக் கண் வரைகிறார். வெண்பாவும் மாமாவும் அங்கேதான் வந்திருந்தார்கள்.

முதலில் குட்டி லென்ஸ். வெண்பா கிட்டே போனதும் அம்மா ஆதார் அட்டைக்கு உட்கார்ந்ததுபோல விறைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்த அன்புக்கரசி அத்தையும் திரௌபதி அத்தையும் அப்படியே. சூளையிலிருந்து எடுத்து வைத்த மூன்று பொம்மைகள் போலிருந்தது படம்.

அடுத்து குண்டு. வெளியே போய் ஜன்னல் வழியாக எடுத்தாள். அம்மா கவனிக்கவே இல்லை. மூச்சைப் பிடித்து, நாக்கை ஓரமாக நீட்டி, கண் வரைந்துகொண்டிருந்தார். சினிமாவில் வருவதுபோல இருந்தது.

“குண்டுதான் மாமா!”

அன்புக்கரசி அத்தை எட்டிப் பார்த்தார். போட்டோவுக்கென்றே மஞ்சள் புடவை கட்டி, கனகாம்பரம் வைத்து வந்தவர்.

“நான் எங்கடி?”

அம்மாவின் தோளருகே மஞ்சளாக ஏதோ கலங்கித் தெரிந்தது. “அது... நீங்கதான் அத்தை.”

“நானா? பூசணிக்காய் மாதிரில்ல இருக்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும்தான். ஆனால் அவர் கை போய்ப் பூவைத் தொட்டுப் பார்த்தது.

அம்மா சிரிக்கவில்லை. “நான் மட்டும் நாக்க நீட்டிகிட்டு இருக்கேன். ஸ்கூல்ல எல்லாரும் பார்ப்பாங்க. அழிச்சிடு பாப்பா.”

அவ்வளவு நல்ல படம். வெண்பாவுக்கு மனசே வரவில்லை. ஆனாலும் அழித்தாள்.

“மாமா, குட்டியையே மாட்டிக் குடுங்க.”

“மறுபடியும் விறைச்சுக்குவாங்களே?”

“நான் பார்த்துக்கறேன்.”

கேமராவை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் நடுவே உட்கார்ந்தாள். ஒரு பிரஷ் வாங்கி, உடைந்த பொம்மை ஒன்றுக்குக் கண் வரைந்தாள். கோணிக்கொண்டு போனது.

“ஒரு கண்ணு சேலம் பஸ்ஸப் பார்க்குது, இன்னொன்னு கடலூர் பஸ்ஸப் பார்க்குது,” என்றார் திரௌபதி அத்தை.

சிரித்து ஓய்ந்து எல்லோரும் வேலையில் இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் கேமராவை மறந்தே போனார்கள்.

கிளிக்.

படத்தைப் பார்க்க நான்கு தலைகள் முட்டிக்கொண்டன. கனகாம்பரம் பளிச்சென்று தெரிந்தது. அம்மா, அன்புக்கரசி அத்தை, திரௌபதி அத்தை, மூன்று பேருமே நாக்கை நீட்டிக்கொண்டு கண் வரைந்தார்கள்.

“அழிக்கணுமாம்மா?”

“வேணாம். இருக்கட்டும்,” என்றார் அம்மா. “அதான் துணைக்கு ஆளு இருக்குதே.”

மாமா குண்டு லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டு வேப்பூர் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

வெண்பா படத்தை இன்னொரு முறை பார்த்தாள். அதில் வாயை ஒழுங்காக மூடிக்கொண்டிருந்தவை பொம்மைகள் மட்டும்தான்.