வண்டிகள் விலகிப் போன இடம்

மார்லீன் ஹாஸ்கெல் தன் தங்கை வீட்டு வாசலில் பிக்கப் வண்டியை நிறுத்தியபோது தூரத்து மலையில் பனி கிடந்தாலும் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. தங்கை வீடு என்று சொல்வதெல்லாம் பழக்கதோஷம். ரூத்தி அங்கிருந்து போய் நான்கு வருடமாகிறது. எவனோடோ டென்வருக்கு ஓடிவிட்டாள் என்று அவள் புருஷன் ஹாய்ட் சொன்னான், ஊர் நம்பியது. மார்லீனும் நம்பினாள். நம்பிவிட்டு, கூடப்பிறந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனாளே பாவி என்று தினமும் வயிறெரிந்தாள். ஆனாலும் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள்.

ஹாய்ட் காப்பிக் கோப்பையோடு வெளியே வந்தான். நல்ல மனிதன் என்று பெயர் எடுத்தவன். பனியில் யார் மாடு சிக்கினாலும் கயிறோடு முதல் ஆளாக நிற்பான்.

"வாங்கக்கா. குழாய்க்காரங்க உங்களைத்தான் அனுப்புவாங்கன்னு நினைச்சேன்."

"பாழாப்போன வயோமிங் காத்துல வேற எந்தக் கிறுக்கி வருவா? கல்லறையைக் காட்டு."

எண்ணெய்க் குழாய் பதிக்கிற வழியில் பழைய கல்லறை இருந்தால், தொல்லியல் ஆள் வந்து எலும்புகளை எடுத்து வேறிடத்தில் சேர்த்த பிறகுதான் வேலை நடக்கும். மார்லீனுக்கு அதுதான் பிழைப்பு.

வீட்டுக்குப் பின்னால் பழைய வண்டித் தடம் கிடந்தது. நூற்று எழுபது வருடங்களுக்கு முன், மேற்கே நிலம் தேடிப் போன குடும்பங்கள் மாட்டு வண்டிகளில் அரைத்துப் போட்ட இரண்டு பள்ளக் கோடுகள். அவற்றின் நடுவே ஒரு கற்குவியல். ஹாய்ட் தொப்பியைக் கழற்றி, கீழே கிடந்த கல் ஒன்றை எடுத்துக் குவியலின் மேல் வைத்தான். அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கல்லறையைக் கண்டால் கல் வைக்காமல் தாண்ட மாட்டார்கள். உடம்பு தானாகவே குனியும்.

"குழாயைத் திருப்பிக்கிட்டுப் போங்கன்னு கெஞ்சிப் பாத்தேன், கேக்கல. எலும்பு கிடைச்சதும் எடுத்துக்கிட்டு மூடிடுங்கக்கா. ரொம்பக் கிளற வேணாம். பாவம், தூங்குற ஜீவன்."

அவன் போன பிறகு மார்லீன் கற்களை அகற்றினாள். மதியம் வண்டிக்குள் உட்கார்ந்து ரொட்டியைப் பிரிக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது.

காய்ந்த மரம் மரத்தோடு உரசி முனகுகிற சத்தம். கூடவே, அந்தக் காலத்தில் மாட்டு வண்டி அச்சுக்குப் பூசிய தாரும் மாட்டுக் கொழுப்பும் கலந்த வாடை. ரொட்டியை இருக்கையில் வைத்தாள்.

இறங்கிப் பார்த்தாள். புல்வெளி காலியாகக் கிடந்தது.

ஆனால் மண்ணில் புதிதாக இரண்டு கோடுகள். இரும்புப் பட்டை போட்ட ஒடுங்கிய சக்கரங்களின் கோடுகள். பழைய தடத்தின் மேலேயே வந்து, கல்லறையை நெருங்கியதும் அதைத் தொடாமல் விலகி, அந்தப் பக்கம் போய் மறுபடி தடத்தில் சேர்ந்திருந்தன.

ஊர் ஷெரீப் பெர்ல் டக்கெட் அவளோடு பள்ளியில் படித்தவள். அவளுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"அடியே, எவனாவது தண்ணியடிச்சிட்டு விளையாடியிருப்பான்," என்று பெர்ல் சிரித்தாள். "திருவிழா ஊர்வலத்துக்கு ஓட்டுற பழைய மாட்டு வண்டி நாலஞ்சு நம்ம ஊர்லயே கெடக்கே."

"சக்கரத் தடம் இருக்கு பெர்ல். இழுத்த மாட்டோட குளம்புத் தடம் ஒண்ணு கூட இல்ல."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "நீ சீக்கிரம் முடிச்சிட்டுக் கிளம்புடி."

பிற்பகலில் எலும்புகள் தெரிந்தன. ஒரு பெண், சின்ன உருவம், கூடவே எலும்பில் செய்த பொத்தான்கள். மார்லீன் அவற்றைத் துணியில் எடுத்து வைத்தாள். வேலை முடிந்தது என்று எழுந்தவளுக்கு என்னவோ உறுத்தியது.

தடத்தின் நடுவில் எதற்குப் புதைத்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். வழியில் காலராவில் செத்தவர்களை அப்படித்தான் புதைப்பார்கள். புதைத்துவிட்டு, கூட்டத்து வண்டிகள் அத்தனையையும் அதன் மேலேயே ஓட்டிச் செல்வார்கள். மண் இறுகிவிடும், ஓநாய்க்கு மோப்பம் கிடைக்காது, இடம் யாருக்கும் தெரியாது. பெற்ற பிள்ளையைப் புதைத்த தாயும் அழுதுகொண்டே தன் வண்டியை அந்த மண்மேல் ஓட்டத்தான் வேண்டும்.

அப்படி மறைத்தவர்கள் மேலே கல்லை அடுக்கி அடையாளம் வைப்பார்களா?

அவள் கற்களைப் புரட்டிப் பார்த்தாள். வெயில் படும் பக்கம் படரவேண்டிய கல்பாசி, பல கற்களில் அடிப்பக்கம் நசுங்கி வெளுத்துக் கிடந்தது. சமீபத்தில் யாரோ எங்கிருந்தோ பெயர்த்து வந்து அடுக்கியவை. கீழே ஆள் கிடப்பது தெரிந்த யாரோ. கல் வைக்காமல் தாண்ட முடியாத யாரோ.

மறுபடி குழிக்குள் இறங்கினாள். எலும்பு கிடந்த இடத்துக்குக் கீழே, யாரும் தோண்டாத மண் செங்கல் மாதிரி இறுகியிருக்க வேண்டும். கொத்துக்கரண்டி பொதுக்கென்று இறங்கியது.

தோண்டினாள். தோள் மட்டம் வரை குழி ஆழமானது. அப்போது வெள்ளியாக ஏதோ மின்னியது.

பெல்ட்டின் முகப்புத் தகடு. குதிரை ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்ததற்காக, பெயர் பொறித்துக் கொடுத்தது. தூங்கும்போது கூடக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்த தகடு.

ரூத்தி.

"ஐயோ, உன்ன எத்தனை தடவை திட்டினேன்டி," என்று மார்லீன் மண்ணில் மண்டியிட்டு அழுதாள். "இங்கதான் இருந்தியா? இத்தனை நாளும் இங்கதான் இருந்தியா?"

பழைய எலும்புக்குக் கீழே புதைத்துவிட்டால், பழைய எலும்பு கிடைத்ததும் தோண்டுகிறவர்கள் நிறுத்திவிடுவார்கள். ஹாய்ட்டுக்கு அது தெரிந்திருக்கிறது. பதினைந்து வருடமாக அவன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, தன் வேலையைப் பற்றி வாய் ஓயாமல் பேசியவள் அவள்தானே.

போனை எடுத்துப் பெர்லை அழைத்தாள். "ரூத்தி கிடைச்சிட்டா. உடனே வா."

அதற்குள் வெளிச்சம் மாறியிருந்தது. மலைப்பக்கமிருந்து வந்த காற்று அங்கே கிடந்த தூள் பனியை வாரி இறைத்தது. கொஞ்ச நேரத்தில் எங்கும் வெள்ளை. பட்டப்பகலில் கண் தெரியவில்லை.

அந்த வெள்ளைக்குள் ஒரு எஞ்சின் உறுமியது.

"சொன்னேனேக்கா." ஹாய்ட்டின் குரல் வழக்கம்போல மரியாதையாகத்தான் இருந்தது. "கிளற வேணாம்னு அவ்வளவு சொன்னேனே."

அவன் மாட்டுத் தீவன லாரியின் விளக்குகள் குழியை நோக்கித் திரும்பின. என்ன செய்யப் போகிறான் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. மண்ணைத் தள்ளி, மேலேயே ஓட்டி இறுக்கப் போகிறான். குழி விளிம்பைப் பிடித்து ஏறினாள். மண் சரிந்து மறுபடி உள்ளேயே விழுந்தாள். தங்கையின் மேல் கவிழ்ந்து அவளை மூடிக்கொண்டாள்.

லாரி வரவில்லை.

தார் வாடை வந்தது.

அப்புறம் அந்த முனகல். ஒரு வண்டியல்ல. ஒன்றன்பின் ஒன்றாக. தலைக்கு மேலே, குழியின் இரண்டு பக்கமும் மண் அதிர்ந்தது. எங்கோ ஒரு குழந்தை இருமியது. ஒரு பெண் மெல்ல அதட்டினாள்.

மார்லீன் கண்ணைத் திறக்கவில்லை.

பெர்ல் வந்து கைகொடுத்துத் தூக்கியபோது காற்று அடங்கியிருந்தது. குழிக்குச் சற்றுத் தள்ளி லாரி, எஞ்சின் ஓடியபடி நின்றது. ஹாய்ட் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, எதிரே வெறும் புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கையைத் தூக்குடா," என்றாள் பெர்ல்.

"இரு," என்று கிசுகிசுத்தான். "அவங்க போகட்டும். வரிசை இன்னும் முடியல."

அவனைத் தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது. விசாரணையில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். ரூத்தி நிஜமாகவே அவனை விட்டுக் கிளம்பத்தான் இருந்தாளாம், தனியாக, அக்கா வீட்டுக்கு. சிறையில் அறைக் கதவைத் திறந்துவிட்டாலும் அவன் வாசலைத் தாண்டுவதில்லை, எதுவோ கடந்து போகக் காத்திருக்கிறவன் மாதிரி ஓரமாகவே நிற்கிறான் என்று பெர்ல் சொன்னாள்.

ரூத்தியை ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். பெயர் தெரியாத அந்தப் பழைய பெண்ணையும் அவள் பக்கத்திலேயே சேர்த்தார்கள். மார்லீன்தான் அதற்கு அனுமதி கேட்டு வாங்கினாள்.

மறுநாள் காலை தனியாகப் போனாள். கோட்டுப் பையில், வைப்பதற்கென்று எடுத்து வந்த ஒரு கல். தோட்டத்தின் இரும்புக் கதவு பூட்டியபடி இருந்தது. நேற்றே வாங்கி வைத்திருந்த சாவியைப் போட்டு அவளே திறந்தாள்.

நேற்று குவித்த மண்மேடு இல்லை. மண் தரையோடு தரையாக இறுகிக் கிடந்தது. அதன் குறுக்கே ஒடுங்கிய சக்கரக் கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனையோ. குளம்புத் தடம் ஒன்று கூட இல்லை. இந்த முறை ஒரு கோடும் விலகிப் போகவில்லை. எல்லாம் ரூத்தியின் மேலேயே நேராக ஏறிப் போயிருந்தன.

தங்களில் ஒருத்தியைப் புதைத்தால் வண்டிக்காரர்கள் இப்படித்தான் மேலே ஓட்டி மறைப்பார்கள், கல் வைக்க மாட்டார்கள் என்று மார்லீனுக்குத் தெரியும். கல்லைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரும்பினாள். கதவைப் பூட்டும்போது விரல்களில் பிசுபிசுவென்று என்னவோ ஒட்டியது. முகர்ந்து பார்த்தாள். தாரும் மாட்டுக் கொழுப்பும்.