நானூற்றுப் பதினேழாம் நத்தை

செவ்வாய்க் கோளின் அல்லிநகரில் காலை ஆறு மணிக்கு நத்தைகளுக்கு ஆஜர் எடுப்பது வழக்கம். ஏரி நீரைச் சுத்தமாக வைத்திருக்கும் இரண்டாயிரம் நத்தைகளுக்கும் ஓட்டில் எண் உண்டு. 'எண்ணி' என்ற இயந்திரன் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடிக் குவளையில் விட்டு விளக்கைக் காட்டும். நோயுள்ள நத்தையென்றால் வெளிச்சம் பட்டதும் நீரில் புழுக்குஞ்சுகளைக் கக்கிவிடும். ஒன்பது ஆண்டுகளில் எந்த நத்தையும் கக்கியதில்லை.

அன்று 417ஆம் நத்தை கக்கியது.

நீர்க்காவல் அதிகாரி அங்கயற்கண்ணி உருப்பெருக்கியில் பார்த்தாள். கவட்டை வால் வைத்த குஞ்சுகள், நூற்றுக்கணக்கில். ரத்தத் தட்டைப்புழு. தண்ணீரில் இறங்குபவரின் தோலைத் துளைத்து உள்ளே போய், கடைசியில் சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கிவிடும். தினமும் முழங்கால் தண்ணீரில் நிற்பவள் அவள். பயந்துதான் போனாள்.

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருந்தது. இந்தப் புழு நத்தைக்குத் தானாக வராது. நோயுள்ள ஒருவர் ஏரியிலேயே சிறுநீர் கழித்தால்தான் முட்டை நீரில் சேர்ந்து, பொரிந்து, குஞ்சு நத்தைக்குள் புகும். அல்லிநகரிலோ வீட்டுக்கு வீடு 'நலமறி' உண்டு. பார்வைக்குக் கழிப்பறைதான், ஆனால் உள்ளே விழும் ஒவ்வொரு துளியையும் சோதித்து, ஆள் பெயரோடு சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லிவிடும். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் நோய் என்று அது சொன்னதில்லை.

மத்தியானத்துக்குள் ஊர் ஆளைக் கண்டுபிடித்துவிட்டது. ஜோதிலிங்கம், போன கப்பலில் மனைவியோடு வந்த குழாய்ப் பணியாளன். பூமியில் வாய்க்காலில் குளித்து வளர்ந்தவன் என்று அவனே ஒருநாள் வாய்தவறிச் சொல்லியிருந்தான். வேறென்ன வேண்டும்? உணவுக்கூடத்தில் அவன் மேசையிலிருந்து ஒவ்வொருவராகத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். வெள்ளிக்கிழமைக் கப்பலில் இருவரையும் திருப்பி அனுப்பத் தலைவர் கருணைராஜ் உத்தரவிட்டார். பயணம் எட்டு மாதம். மனைவி பூங்கோதைக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

ஜோதிலிங்கம் அங்கயற்கண்ணியிடம் வந்து நின்றான்.

"வந்த நாள்லேர்ந்து அந்த மெஷின்லதான் போறேன் மேடம். ஒரு தடவைகூட வெளிய போனதில்ல. வேணும்னா அதையே கேட்டுப் பாருங்க."

அவள் நம்பவில்லை. கையும் களவுமாகப் பிடிக்கத்தான் நலமறியின் பதிவேட்டைத் திறந்தாள். ஜோதிலிங்கம்: நாளுக்கு ஆறு தடவை, ஒருநாள்கூடத் தவறாமல். ஒப்பிட்டுப் பார்க்க மற்றவர்களுடையதையும் திறந்தாள். மூன்று. இரண்டு. நான்கு. மூன்று. ஊரே பாதிநாள் அடக்கிக்கொண்டிருக்க முடியாது.

காரணம் அவளுக்குத் தெரியாததல்ல. நலமறி சொல்வதை வைத்துத்தான் சர்க்கரையும் உப்பும் அளந்து கொடுப்பார்கள். திருட்டுத்தனமாகக் காய்ச்சிக் குடித்ததையும் அது போட்டுக்கொடுத்துவிடும். ஏரிக்கரைக் கோரைகள் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. அவள் பெயருக்கு நேரே நான்கு இருந்தது. சர்க்கரை கூடியது தெரிந்தால் அவள் காப்பிக்கு வெல்லம் நின்றுவிடும்.

கடைசி வரியில் கருணைராஜ். பூஜ்யம்.

பட்டியலைத் தலைவர் நிதானமாகப் படித்தார். "ஒருத்தன் ஆறு தடவையும் ஒழுங்கா அதுலயே போறான்னா, எனக்கு அதுதாம்மா சந்தேகமா இருக்கு" என்றார்.

"நீங்க வந்து ரெண்டு வருஷமாச்சு சார். ஒரு தடவைகூட இல்ல. தலைவர்னு இறங்கினப்பவும் உங்களுக்குச் சோதனை எடுக்கல. இதை உணவுக்கூடத்துல ஒட்டட்டுமா?"

"உன் பேரும் இருக்குமே."

"இருக்கு சார்."

உத்தரவு ரத்தானது. ஊர் முழுக்க மாத்திரை கொடுத்தார்கள், யாருக்காக என்று யாரும் கேட்கவில்லை. பூங்கோதைக்குப் பெண் பிறந்தது. ஆனால் ஜோதிலிங்கத்தின் மேசை மட்டும் காலியாகவே இருந்தது. பதிவேட்டுக் கணக்கு எப்படியோ கசிந்திருந்தது; ஆறு தடவை போகிறவன் சுகாதார அலுவலகத்துக்கு உளவு சொல்லும் ஆளாகத்தான் இருப்பான் என்று இப்போது பேசிக்கொண்டார்கள்.

கோரையை வெட்டிவிட்டு ஏரியைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். ஒரே வாரத்தில் சுவர் நாறியது. அபாயமணி, கண்காணிப்புக் கண் என்று பொறியாளர்கள் ஏதேதோ சொன்னார்கள். கருணைராஜ் மனிதர்களை அறிந்தவர். அடுத்த கப்பலில் பூமியிலிருந்து சாமி படம் போட்ட ஓடுகளை வரவழைத்தார், எல்லா மதத்துக்கும் சேர்த்து நான்கு பெட்டி. ஜோதிலிங்கம்தான் சுவர் நெடுக ஒட்டினான். வழியில் ஒன்று உடைந்துவிட்டதால் ஓரிடத்தில் ஒரு சாண் இடைவெளி விழுந்தது.

சுவர் காய்ந்தது, அந்த ஒரு சாண் தவிர.

ஒருநாள் மதியம் ஜோதிலிங்கத்தின் மேசைக்கு நாலைந்து பேர் தட்டோடு வந்து, குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்டபடி உட்கார்ந்தார்கள். அங்கயற்கண்ணி அலுவலகத்துக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். காலையிலிருந்து அவன் பெயரில் ஒன்றுமே பதிவாகவில்லை.