கறுப்பு பிலிமில் மட்டும்

நான்கு பிலிம்களில் மூன்றில் இனியா இல்லை.

கிருபா அவற்றை ஒவ்வொன்றாக லைட் டேபிளின் மேல் விரித்துப் பார்த்தாள். காந்திபுரத்தில் உள்ள ஒரு குழந்தைகள் துணிக்கடைக்கு 1998ஆம் வருடக் காலண்டர். ஒரே தாளில் பன்னிரண்டு மாதம், மாதத்துக்கு ஒரு குழந்தை. ஒரு படத்தை மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நான்கு பிலிம்களாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஓட்டினால்தான் தாளில் வண்ணம் வரும். பதினொரு குழந்தைகள் நான்கிலும் ஒழுங்காக இருந்தார்கள். ஆகஸ்ட் கட்டம் மட்டும் மூன்று பிலிம்களில் மொட்டையாக இருந்தது. நான்காவதான கறுப்பில் அவள் மகள் இனியா சிரித்துக்கொண்டிருந்தாள்.

இதில் பயப்பட ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற டிடிபி வேலை பார்க்கிற எல்லோரும் ஒரு தடவையாவது அடிக்கிற கூத்துதான் இது. கம்ப்யூட்டர் திரையின் வண்ணம் ஆர்ஜிபி, அச்சின் வண்ணம் சிஎம்ஒய்கே. மாற்ற மறந்து அனுப்பினால் படம் முழுவதும் கறுப்பு பிலிமில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் மாற்றியது கிருபாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நகல்கூட வைத்துக்கொள்ளாமல் பழைய ஃபைலின் மேலேயே சேவ் செய்திருந்தாள்.

ஏசி அறையின் ஜன்னல்களில் கறுப்புத் துணி. பகல் பதினொரு மணிக்கும் உள்ளே இருட்டு, டெவலப்பர் வாடை, கீழே ஓடும் மெஷினின் அதிர்வு. அவள் லென்ஸை வைத்துக் குனிந்தாள். ஸ்டூடியோவின் திரைச்சீலைக்கு முன்னால் இனியா. திரைச்சீலையின் மடிப்பில் இன்னொருவர். கிருபா கைப்பையிலிருந்து ஸ்டூடியோக்காரர் கொடுத்த அசல் போட்டோவை எடுத்துப் பார்த்தாள். அதில் வெறும் திரைச்சீலைதான் இருந்தது.

கதவு திறந்தது. முதலாளி மோகன்குமார்.

"ஏனம்மணி, பிலிமெல்லாம் செரியாருக்குதுங்களா? பிளேட் போட்டறலாமா?"

கடைக்காரர் கொடுத்த ஆகஸ்ட் குழந்தையின் படத்தை எடுத்துவிட்டு, யாரையும் கேட்காமல் கிருபா தன் பெண்ணை அங்கே வைத்திருந்தாள். காலண்டரில் மகளைப் பார்க்கிற ஆசை. இப்போது வாயைத் திறந்தால் வேலை போகும்.

"செரியாருக்குதுங்க சார்" என்றாள். அந்த வார்த்தைக்காகப் பிறகு தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

அந்த அச்சகத்தில் இருந்தது ஒற்றைக் கலர் மெஷின். ஒரு நாளைக்கு ஒரு மை. செவ்வாய்க்கிழமை மஞ்சள் ஓடியது. அரைப்பரீட்சை லீவு, கணவன் ரூபன் லாரியோடு நாக்பூர் போயிருந்தான், அதனால் இனியாவையும் கூட்டி வந்து மெஷின் பக்கத்தில் காகிதக் கட்டுகளின் மேல் உட்கார வைத்திருந்தாள். மதியம் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு இறங்கியபோது குழந்தையின் எலுமிச்சை நிறப் பாவாடை வெள்ளையாக இருந்தது. முகம் ரோஸ் பவுடர் அப்பியதுபோல் இருந்தது. வெளிச்சம் அப்படி என்று கிருபா நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்ள விரும்பினாள்.

புதன்கிழமை சிவப்பு. சாயங்காலம் இனியா படியில் தடுக்கி விழுந்தாள். முட்டி சிராய்த்து ரத்தம் வந்தது. பேனா மை போல நீலமாக வந்தது.

"மை டின்னு மேல உளுந்துட்டா போலிருக்குது. மண்ணெண்ணெய் வெச்சுத் தொடச்சுடும்மா" என்றார் மெஷின்மேன் கலீல் ரஹ்மான்.

துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஊறி வந்தது. டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தசோகை என்று டானிக் எழுதிக் கொடுத்தார்.

வியாழன் காலை கிருபா ஃபைலைத் திறந்தாள். சிஎம்ஒய்கே என்றுதான் இருந்தது. அவள் மறக்கவே இல்லை. ஒவ்வொரு வண்ணமாகத் தனியே பிரித்துப் பார்த்தாள். மஞ்சள், வெள்ளைத்தாள். சிவப்பு, வெள்ளைத்தாள். நீலம், வெள்ளைத்தாள். கறுப்பில் இனியா. மடிப்பில் நின்றது இப்போது திரைச்சீலையை விட்டு வெளியே வந்திருந்தது.

கீழே ஓடினாள். நீலம் ஓடிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க சார். என்ற புள்ளைக்கு மேலுக்கு ஆகலீங்க."

"ரெண்டு கலர் ஓடிப்போச்சுங்க. அஞ்சாயிரம் தாளு. நாளன்னைக்கு டெலிவரி" என்றார் மோகன்குமார். "புள்ளைக்குப் பேரீச்சம்பழம் குடுங்க. ரெண்டே நாள்ல கலரு வந்துரும்."

அவர் சிரித்தார். அவள் அழுதாள். மெஷின் நிற்கவில்லை.

மூன்று மணிக்கு இனியா காகிதக் கட்டின் மேல் சுருண்டு படுத்திருந்தாள். கட்டின் மேலுறையில் இருந்த மில் பெயரை அவள் கையின் ஊடாகவே படிக்க முடிந்தது.

"அம்மா, குளுருது."

வாரியெடுத்தாள். மடியில் கனமே இல்லை.

வெள்ளிக்கிழமை. கறுப்பு. மோகன்குமார் அன்னூருக்குப் போயிருந்தார். கலீல் ரஹ்மான் கறுப்பு பிலிமிலிருந்து எடுத்த பிளேட்டை மெஷினில் மாட்டப் போனார். கிருபா பாய்ந்து பிடுங்கினாள். அதில் ஆகஸ்ட் கட்டம். இனியா. அவள் முதுகை ஒட்டி, அது.

உடைத்துப் போடலாம். மடக்கி வீசலாம். ஆனால் இந்த ஒரு பிளேட்டில்தான் மகள் இருந்தாள். இதுவும் போனால் எதிலுமே இல்லை. இதை ஓட்டினால் அதுவும் வரும்.

"என்னம்மா கிருபா, ஓட்டட்டுமா, வேண்டாமா? நீயே சொல்லு."

அவள் திரும்பினாள். காகிதக் கட்டின் மேல் பென்சில் கோடு மாதிரி ஒரு உருவம்.

"அம்மா, நா உனக்குத் தெரியறனா?"

"ஓட்டுங்க பாய்."

மெஷின் தாளைப் பிடித்தது. முதல் தாள் விழுந்தது. பத்தாவது விழுந்தது. காகிதக் கட்டின் மேல் முதலில் இரண்டு கண்கள் வந்தன. பிறகு புருவம். பின்னல். தோள். சாம்பல் நிறத்தில். ஆனால் இனியாதான். சிரித்தாள்.

இனியாவுக்குப் பின்னால் சுவரோரம் இரண்டு கால்கள் வந்திருந்தன.

தாள் விழுந்தது. இடுப்பு. தாள் விழுந்தது. மார்பு. முகம் வரவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சுவர்தான் தெரிந்தது.

"நிறுத்துங்க!"

கலீல் ரஹ்மானின் கை சுவிட்சுக்குப் போனது. அப்போது இனியா அம்மாவை நோக்கிக் கைகளை நீட்டினாள். முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை. அந்தக் கைகள் இன்னும் வரவில்லை.

"வேண்டாம்" என்றாள் கிருபா. "நிறுத்தாதீங்க. ஓடட்டும்."

தாள் விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று.

முகமில்லாத அதற்கு இரண்டு கைகளும் வந்துவிட்டன. அவை நிதானமாக இனியாவின் பின்னலை அவிழ்த்துக்கொண்டிருந்தன.