கம்ப்யூட்டருக்குள் ஒரு பல்லி

செய்யூர் கடைத்தெருவில் மார்கரெட் நடத்தும் ஆன்லைன் சென்டரில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. வேலையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்யும். ஆனால் திரையில் ஏதாவது கேள்விக் கட்டம் வந்துவிட்டால் போதும், "டொங்" என்று ஒரு சத்தம் போடும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தூக்கிவாரிப் போடும். தன் விண்ணப்பம் பாழாகிவிட்டது என்றே நினைத்துப் பதறிப்போவார். ஒன்றும் ஆகவில்லை, அது சும்மா கேட்கிறது என்று சொல்லிச் சொல்லியே மார்கரெட்டுக்கு வாய் வலித்தது.

மகள் பிரிசில்லாவுக்குப் பத்து வயது. வருகிறவர்கள் இப்படிப் பயப்படுவதைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. யாரையும் பயமுறுத்தாத சத்தமாக ஒன்றை வைத்தால் என்ன?

அதை எப்படி மாற்றுவது என்று அவளுக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் சத்தங்களுக்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. எது நடந்தால் எந்தச் சத்தம் வர வேண்டும் என்று அங்கே நாமே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் என்ன சத்தம் வைப்பது? சேவல் கூவினால் சிரிப்பார்கள். பஸ் ஹாரன் என்றால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். யோசித்துக்கொண்டே படுத்திருந்தபோது வீட்டு டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து பல்லி, "ட்சிக் ட்சிக் ட்சிக்" என்றது. அம்மா நிமிரவில்லை, அப்பா நிமிரவில்லை. அந்த வீட்டில் பல்லி கத்துவதை யாரும் பொருட்படுத்துவதே இல்லை. இதுதான் சரி என்று பிரிசில்லா முடிவு செய்தாள்.

போனில் பதிவு செய்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாருக்கும் சொல்லாமல் "டொங்" இருந்த இடத்தில் பல்லியை உட்கார வைத்தாள்.

சனிக்கிழமை காலை கேள்விக் கட்டம் வந்தது. "ட்சிக் ட்சிக் ட்சிக்." அம்மா துடைப்பத்தை எடுத்துச் சுவர் அலமாரியில் இரண்டு தட்டு தட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். பிரிசில்லா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

அடுத்து வந்தவர் சுப்புராமன். பட்டா நகல் எடுக்க வந்தவர், இந்தப் போகம் நெல்லுக்குப் பதில் வேர்க்கடலை போடலாமா என்று இரண்டு மாதமாகக் குழம்பிக்கொண்டிருப்பதாக அம்மாவிடம் பேச்சுக்குச் சொன்னார். சொல்லி முடிக்கவும் திரையில் கட்டம் வந்து பல்லி கத்தவும் சரியாக இருந்தது.

எந்தத் திசை என்றுகூட அவர் பார்க்கவில்லை, முகம் மலர்ந்துவிட்டது. "பல்லியே சொல்லிடுச்சும்மா. இன்னும் இன்னா யோசன?" என்றவர், அங்கேயே போனை எடுத்து விதைக்கடலை வாங்கச் சொல்லிவிட்டார்.

பிரிசில்லாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பல்லி கத்தினால் கடலை போடுவார்களா?

சுப்புராமன் நகலுக்காகக் காத்திருந்தபோது, பூவாயி தன் மகள் ஜெயப்பிரியாவோடு உள்ளே வந்தாள். ஜெயப்பிரியாவுக்குச் செங்கல்பட்டில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. இன்று மாலைக்குள் சம்மதம் தெரிவிக்காவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். பூவாயி நாற்காலியில் உட்கார்ந்து திரையை ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். மார்கரெட் சம்மதப் பட்டனை அழுத்தினாள். "நிச்சயமா?" என்று கட்டம் வந்தது.

"ட்சிக் ட்சிக் ட்சிக்."

பூவாயியின் முகம் வெளிறிப்போனது. "வேணாம்மா, நிறுத்து. தெக்கால இருந்து சொல்லுது, ஆகாது."

அம்மா எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். ரத்து செய்துவிட்டு மறுபடியும் அழுத்திக் காட்டினாள். மறுபடியும் அதே நேரம், அதே இடத்திலிருந்து பல்லி! பூவாயியின் வீட்டுக்காரர் புது வண்டி எடுத்த அன்றைக்கும் தெற்கேதான் பல்லி சொன்னதாம். அவள் கேட்கவில்லையாம். அந்த வண்டியில் விழுந்து கால் ஒடிந்தவர் இன்னும் சரியாக நடக்கவில்லையாம். இந்தத் தடவையும் கேட்காமல் இருந்து, மகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

ஜெயப்பிரியாவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

பிரிசில்லா ஜெயப்பிரியாவையே பார்த்தாள். யாரும் பயப்படக் கூடாது என்று வைத்த சத்தம் ஒரு அக்காவின் படிப்பையே நிறுத்தப் பார்க்கிறதே!

தெற்குச் சுவர் அலமாரியில், அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் ஸ்பீக்கர் இருந்தது. ஒயர் நீளம்தான். சத்தமில்லாமல் எடுத்து வேறு பக்கம் வைத்துவிட்டால் பல்லி நல்லது சொன்னதாக ஆகிவிடும். அவள் ஸ்பீக்கரைக் கையில் எடுத்தும்விட்டாள். ஆனால் கால் நகரவில்லை. பொய்ப்பல்லி ஒரு தடவை ஏமாற்றியது போதாதா? இனிமேல் தெரிந்தே ஏமாற்ற வேண்டுமா?

அவள் நேரே போய் ஸ்பீக்கரைப் பூவாயியின் மடியில் வைத்தாள். பிறகு அம்மாவின் கைக்கு அடியில் புகுந்து கட்டத்தை மூடிவிட்டுப் பட்டனை அழுத்தினாள்.

மடியிலிருந்து பல்லி கத்தியது. பூவாயி புடவையை உதறிக்கொண்டு நாற்காலி மேலேயே ஏறிவிட்டாள்.

"அது பல்லி இல்ல ஆன்ட்டி. நான்தான் ரெகார்ட் பண்ணி வச்சேன்," என்றாள் பிரிசில்லா. "டொங் சத்தத்துக்கு எல்லாரும் பயப்படறாங்கன்னு மாத்துனேன். உங்க வூட்ல பல்லி சொன்னா கேப்பீங்கன்னு எனக்குத் தெரியாது."

அம்மா துடைப்பத்தையும் ஸ்பீக்கரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப என் வேர்க்கடல?" என்றார் சுப்புராமன் மெதுவாக.

அவர் தாடையைச் சொறிந்தார். எப்படியும் கடலைதான் போட்டிருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பூவாயி இறங்கி வந்தாள். அவளுக்குக் கோபம் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. "என் பொண்ணு படிப்பு போயிருக்கும், தெரியுதா?" என்று கேட்டாள். பிரிசில்லா தலையாட்டினாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்பது பூவாயிக்கும் புரிந்திருக்க வேண்டும். புடவைத் தலைப்பாலேயே பிரிசில்லாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

பிறகு மகளிடம் திரும்பினாள். இத்தனை நேரம் அவளை யாருமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது போலிருந்தது.

"நீ இன்னாடி சொல்ற?"

"நான் போறேம்மா," என்றாள் ஜெயப்பிரியா. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

பட்டனைத் தானே அழுத்துவதாகப் பூவாயி சொன்னாள். பிரிசில்லா அவள் விரலைப் பிடித்து மௌஸில் சரியான இடத்தில் வைத்தாள். அழுத்தியதும் கட்டம் வந்தது. பல்லியும் விடாமல், "ட்சிக் ட்சிக் ட்சிக்" என்றது.

பூவாயி ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ சும்மா கெட. என் பொண்ணு சொல்லிட்டா," என்று சொல்லிவிட்டு, "ஆம்" என்ற இடத்தை ஓங்கி அழுத்தினாள்.